பிஎச்பி: யார் லாகின் செய்தாலும் 417 என்றே காட்டுகிறது, பழைய குக்கீ அழிய மாட்டேன் என்கிறது

அடிக்கோடு எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஒரு அலுவலகத்தின் வருகைப்பதிவு ஸ்கிரிப்டைப் பராமரிக்கிறேன். பாதி நான் எழுதியது, மீதி எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. சர்வரில் ஓடும் மொழி பிஎச்பி 7.4. வாசலில் இருக்கும் ஒரே கணினியில்தான் எல்லா ஷிஃப்ட் ஆட்களும் லாகின் செய்வார்கள். லாகின் ஆனதும் "ஆள்" என்ற பெயரில் ஒரு குக்கீ (பிரவுசர் தன்னிடம் வைத்துக்கொண்டு கோரிக்கையோடு திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) வைக்கிறேன், அதற்குள் ஊழியர் எண் இருக்கும். வேறு ரகசியம் எதுவும் அதில் இல்லை, அதனால் பாதுகாப்புத் தொல்லை இல்லை. கோடில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன, இங்கே தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபைல்கள் இருக்கும் இடம்: லாகின் ஸ்கிரிப்டும் பதிவுப் பக்கமும் /மெம்பர்ஸ் என்ற ஃபோல்டருக்குள். முகப்புப் பக்கமும் லாக்அவுட் ஸ்கிரிப்டும் வெளியே, வேர் ஃபோல்டரில். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், வரும்போதே இப்படித்தான் இருந்தது.

முதலில் வந்த புகார், லாக்அவுட் வேலை செய்யவில்லை என்பது. "வெளியேறிவிட்டீர்கள்" என்று பக்கம் சொல்லும். திரும்ப உள்பக்கத்தைத் திறந்தால் அதே ஆள் உள்ளேயே இருப்பார். தேடிப் பார்த்ததில், குக்கீ வைக்கும் செட்குக்கீ ஃபங்ஷனில் பாதையை "/" என்று கொடுக்க வேண்டும் என எங்கோ படித்தேன். லாகின், லாக்அவுட் இரண்டிலும் கொடுத்தேன். என் மடிக்கணினியில் உடனே சரியாகிவிட்டது. சந்தோஷமாக சர்வரில் ஏற்றினேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. அந்த வாசல் கணினியில் இப்போது யார் லாகின் செய்தாலும் முகப்புப் பக்கத்தில் சரியான பெயர் வருகிறது. உள்ளே பதிவுப் பக்கத்துக்குப் போனால் 417-ம் எண்காரரின் பெயர். எல்லோருக்கும் 417தான். ஒரு வாரமாகக் கணக்குப்படி அந்த மனிதர் மூன்று ஷிஃப்டும் தொடர்ந்து வேலை செய்திருக்கிறார், தூங்கவே இல்லை. சம்பளப் பிரிவிலிருந்து கேட்கும் வரை அவரும் வாய் திறக்கவில்லை.

லாக்அவுட்டில் நான் செய்வது: மதிப்பு காலி, நேரம் ஒரு மணி நேரத்துக்கு முந்தையது, பாதை "/". கூடவே குக்கீ அரேயிலிருந்தும் (பிஎச்பியில் வந்த குக்கீகளின் பட்டியல்) அன்செட் செய்கிறேன், அதாவது நீக்குகிறேன். அடுத்த வரியிலேயே அரேயை அச்சிட்டுப் பார்த்தேன், காலியாகத்தான் இருக்கிறது. அழிந்த குக்கீ அடுத்த பக்கத்தில் எப்படி உயிரோடு வருகிறது?


சும்மாபார்வையாளர் எழுதியது:

பிரவுசரில் ஹிஸ்டரி, குக்கீ எல்லாவற்றையும் கிளியர் செய்யுங்கள். எனக்கு இதே மாதிரி வந்தபோது அப்படித்தான் சரியானது.


அரைப்புள்ளி எழுதியது:

கிளியர் செய்தால் அந்தக் கணினியில் சரியாகும். இதே குக்கீ இருக்கும் மற்றக் கணினிகளுக்கு யார் ஓடுவது? அது போகட்டும், ஏன் வந்தது என்றும் தெரியாமல் போய்விடும். அடிக்கோடு, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் கிளியர் செய்யாதீர்கள். தடயம் அழிந்துவிடும்.

முகப்பில் சரியான பெயர், உள்ளே தப்பான பெயர் என்றீர்களே, விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. உங்களிடம் "ஆள்" என்ற பெயரில் ஒரு குக்கீ இல்லை, இரண்டு இருக்கின்றன.

முதலில் அந்த அன்செட் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் உங்களை மூன்று நாள் அலைக்கழித்தது அதுதான். குக்கீ அரே என்பது இந்தக் கோரிக்கையோடு பிரவுசர் கொண்டுவந்து கொடுத்த சீட்டின் நகல், அவ்வளவே. அதில் அன்செட் செய்வது, கையில் இருக்கும் ஜெராக்ஸைக் கிழிப்பது போல. அசல் பிரவுசரிடம் இருக்கிறது. செட்குக்கீயோ அந்த அரேயைத் தொடுவதே இல்லை. போகிற பதிலின் ஹெட்டரில், அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகளில், "செட்-குக்கீ" என்று ஒரு வரியைச் சேர்க்கும், வேறொன்றும் செய்யாது. அதன் விளைவு அடுத்த கோரிக்கையில்தான் தெரியும். லாகின் செய்த அதே பக்கத்தில் குக்கீயை அச்சிட்டால் வராது, லாக்அவுட் செய்த அதே பக்கத்தில் அச்சிட்டால் போகாது. நீங்கள் அன்செட் செய்ததால் போனது மாதிரி தெரிந்தது.

இப்போது பாதை. பழைய கோடில் பாதை கொடுக்கவில்லை, இல்லையா? கொடுக்காவிட்டால் பிஎச்பி அந்தப் பகுதியையே அனுப்பாது. பிரவுசர் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும்: கோரிக்கை போன முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது எதுவோ அது. உங்கள் லாகின் ஸ்கிரிப்ட் /மெம்பர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்ததால் குக்கீ அந்தப் பாதையில் உட்கார்ந்துவிட்டது. ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதை பிரவுசர் அறியாது, முகவரிப் பட்டையில் தெரிவதுதான் கணக்கு. முகவரியை மாற்றி எழுதும் விதிகள் போட்டு வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் லாக்அவுட். அது வெளியே இருக்கிறது, அதிலும் பாதை கொடுக்கவில்லை, எனவே ஊகம் "/". பிரவுசரைப் பொறுத்தவரை ஒரு குக்கீயை அடையாளம் காட்டுவது பெயர் மட்டும் அல்ல. பெயர், டொமைன், பாதை மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம். "/" பாதையில் இருக்கும் ஆள் என்ற குக்கீயை அழி என்றீர்கள். அப்படி ஒன்று அங்கே இல்லை. பிரவுசர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது, பிழைச் செய்தி எதுவும் தராது. குக்கீ விஷயத்தில் எல்லாத் தோல்வியும் மௌனமாகவே நடக்கும், எனக்கு இதில் பிடிக்காதது இதுதான்.

பிறகு "/" என்று மாற்றினீர்கள். புதிதாக லாகின் செய்பவர்களின் எண் "/" பாதையில் போய் உட்காருகிறது. மாற்றுவதற்கு முன் கடைசியாக உள்ளே வந்த 417-ன் குக்கீ பழைய இடத்திலேயே இருக்கிறது. இப்போது 423 லாகின் செய்து உள்பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அனுப்பும் வரி இது:

குக்கீ: ஆள்=417; ஆள்=423

இரண்டு பாதையும் அந்தப் பக்கத்துக்குப் பொருந்துவதால் இரண்டும் வரும். நீளமான பாதை உள்ளது முன்னால் வர வேண்டும் என்று குக்கீக்கான தர ஆவணமான ஆர்.எஃப்.சி 6265 சொல்கிறது. ஒரே பெயர் இருமுறை வந்தால் பிஎச்பி முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வருவதை விட்டுவிடும். ஆக 417. முகப்புப் பக்கத்துக்கு /மெம்பர்ஸ் பாதை பொருந்தாது, அங்கே 423 மட்டும் போகும், பெயர் சரியாக வரும்.

இதைவிட மோசம், எது எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வருவது பெயரும் மதிப்பும் மட்டும். பாதை, காலாவதி, டொமைன் எதுவும் வராது. 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி இதை உருவாக்கியபோதே இப்படித்தான், இன்றும் அப்படியே. அதனால் பிஎச்பியில் அச்சிட்டு அச்சிட்டுத் தேடினால் விடிந்துவிடும். பிரவுசரில்தான் பார்க்க வேண்டும்.

வாசல் கணினியில் பதிவுப் பக்கத்தைத் திறந்து, அங்கே நின்றபடியே எஃப்12 அழுத்துங்கள். குரோம் என்றால் அப்ளிகேஷன், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஸ்டோரேஜ். குக்கீ பட்டியலில் பாதை என்ற நெடுவரிசையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மடிக்கணினியில் ஏன் சரியானது என்பதும் புரிந்திருக்கும். சோதனை செய்கிறவர்கள் நாளுக்குப் பத்து முறை குக்கீயை கிளியர் செய்கிறோம். பயன்படுத்துகிறவர்கள் செய்வதில்லை.


அடிக்கோடு எழுதியது:

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. இரண்டு வரி. ஒன்றில் ஆள், 417, பாதை /மெம்பர்ஸ். அடுத்ததில் ஆள், 423, பாதை /. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, பழையதைக் கொன்றுவிடலாம் என்று லாக்அவுட் ஸ்கிரிப்டில் இன்னொரு செட்குக்கீ சேர்த்தேன். பெயர் ஆள், நேரம் கடந்த காலம், பாதை "/மெம்பர்ஸ்/". ஓட்டினேன். நெட்வொர்க் பகுதியில் பார்த்தால் செட்-குக்கீ வரி போகிறது, கண்ணால் பார்க்கிறேன். பட்டியலில் 417 அசையவில்லை. வெளியே இருக்கும் ஸ்கிரிப்டுக்கு உள் ஃபோல்டரின் குக்கீயை அழிக்க உரிமை கிடையாதா?


அரைப்புள்ளி எழுதியது:

உரிமை தாராளமாக உண்டு. எந்த முகவரியிலிருந்தும் அதே டொமைனின் எந்தப் பாதைக்கும் குக்கீ வைக்கலாம், அழிக்கலாம். பாதை ஒரு பூட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர், அது வெறும் முகவரி லேபிள்.

நீங்கள் எழுதியதை மறுபடி படியுங்கள். பட்டியலில் இருப்பது /மெம்பர்ஸ். அழிக்கச் சொன்னது /மெம்பர்ஸ்/. கடைசியில் ஒரு சாய்கோடு அதிகம். கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னேனே, அதனால் ஊகித்த பாதையில் அது இருக்காது. பக்கங்களுக்குப் பொருத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும். அடையாளத்துக்கு வரும்போது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சாய்கோட்டை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், போய்விடும்.

இந்தச் சாய்கோட்டுக்கு நான் ஒரு காலத்தில் ஒன்றரை நாள் கொடுத்திருக்கிறேன். அதுவும் பெர்ல் சிஜிஐ காலத்தில், டெவலப்பர் டூல்ஸ் எல்லாம் கிடையாது. அதனால் உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. டொமைனிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. டொமைன் கொடுக்காமல் வைத்த குக்கீ அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும். அதே பெயரை டொமைனாக எழுதிக் கொடுத்தால் துணை டொமைன்களுக்கும் போகும், பிரவுசர் அதைத் தனிக் குக்கீயாக வைத்துக்கொள்ளும். வைக்கும்போது கொடுக்கவில்லை என்றால் அழிக்கும்போதும் கொடுக்காதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழையதைத் துரத்திக்கொண்டிருக்க மாட்டேன். குக்கீயின் பெயரையே மாற்றிவிடுவேன். புதுப் பெயர், பாதை "/". பழைய "ஆள்" வந்தாலும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்காது. எத்தனை பாதையில் எத்தனை கிடந்தால் என்ன.

ஆனால் பெயரை மாற்றும் சாக்கில் உள்ளே இருப்பதையும் மாற்றுங்கள். முதல் பதிவில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள்: ஊழியர் எண் மட்டும்தான், பாதுகாப்புத் தொல்லை இல்லை என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. எஃப்12 பட்டியலைப் பார்த்தீர்கள் அல்லவா, அந்த 417 மேல் இருமுறை தட்டி 1 என்று எழுதி பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். ஒன்றாம் எண்காரர் யாரோ, அவராக உள்ளே போய்விடுவீர்கள், கடவுச்சொல் இல்லாமல். குக்கீ நீங்கள் எழுதி அனுப்பியது என்றாலும், திரும்பி வரும்போது அது வெளியாள் எழுதிக் கொடுத்த சீட்டுதான். படிவத்தில் வரும் உள்ளீட்டை எப்படி நம்ப மாட்டீர்களோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. லாகின் சரியானதும் ரேண்டம்_பைட்ஸ் ஃபங்ஷனில் 32 பைட் வாங்குங்கள். பின்2ஹெக்ஸ் செய்தால் 64 எழுத்து. அதுதான் டோக்கன், குக்கீக்குப் போகட்டும். டேட்டாபேஸில் ஒரு டேபிள்: அந்த டோக்கனின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கம்), ஊழியர் எண், காலாவதி. பக்கம் திறக்கும்போது வந்த டோக்கனை ஹாஷ் செய்து டேபிளில் தேடுங்கள். இருந்தால் ஆள் யார் என்று தெரியும், இல்லாவிட்டால் லாகின் பக்கம். டோக்கனை அப்படியே சேமிக்காமல் ஹாஷை வைப்பது, டேபிள் யார் கையிலாவது போனால் அதை வைத்து உள்ளே வர முடியக்கூடாது என்பதற்காக.

லாக்அவுட்டில் முதல் வேலை டேபிளில் அந்த வரியை நீக்குவது. அதற்கப்புறம் குக்கீயை அழியுங்கள். அந்த இரண்டாவது வேலை பிரவுசரிடம் வைக்கும் வேண்டுகோள்தான், அது கேட்கலாம், பாதைப் பிழையால் கேட்காமலும் போகலாம், யாராவது முன்பே நகல் எடுத்து வைத்திருக்கவும் கூடும். வரி போய்விட்டால் இவை எதுவும் உங்களைத் தொடாது. நீங்கள் இத்தனை நாள் செய்தது வேண்டுகோளை மட்டும்.

செட்குக்கீயை எழுதும்போது பிஎச்பி 7.3-லிருந்து வந்திருக்கும் அரே முறையைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது இடத்தில் நேரத்துக்குப் பதில் ஒரு அரே: எக்ஸ்பையர்ஸ், பாத், செக்யூர், எச்டிடிபிஒன்லி, சேம்சைட். எக்ஸ்பையர்ஸ் என்பதில் கடைசியில் எஸ் உண்டு, அதை விட்டால் எச்சரிக்கை வரும், வந்தால் நல்லதுதான். எச்டிடிபிஒன்லி போட்டால் ஜாவாஸ்கிரிப்டால் குக்கீயைப் படிக்க முடியாது. சேம்சைட் என்பது வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்வது, அதற்கு லாக்ஸ் என்ற மதிப்பு போதும். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-லிருந்து, எதுவும் சொல்லாவிட்டால் அது லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் எழுதிவிடுவது நல்லது. செக்யூர் போடும் முன் தளம் எச்டிடிபிஎஸ்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். சாதாரண எச்டிடிபியில் செக்யூர் போட்டால் குக்கீ உட்காரவே உட்காராது, மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.


மூன்றுபைட் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடிக்கோடு, முகப்பில் பெயர் காட்டுகிறீர்களே, அது டேபிளிலிருந்து வருகிறதா அல்லது பெயரையும் குக்கீயில் வைத்திருக்கிறீர்களா? தமிழில் வைத்திருந்தால் ஒரு கணக்கு சொல்கிறேன்.

எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். செட்குக்கீ மதிப்பைத் தானாகவே யூஆர்எல் என்கோட் செய்யும், அதனால் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகும். ஆக ஒரு குறிக்கு 9. "கண்ணன்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. புள்ளியும் தனிக் குறி என்பதால் கணினிக்கு ஆறு குறி, குக்கீயில் 54 எழுத்து. ஒரு குக்கீக்கு 4096 பைட் என்பதுதான் நம்பக்கூடிய அளவு, அதற்குள் பார்த்தால் 450 குறிகள் சொச்சம்தான். பெயருக்குப் போதும். கடைசியாகத் தேடியவை, பார்த்தவை என்று தமிழில் ஒரு பட்டியலையே ஜேசன் என்ற உரை வடிவமாக்கிக் குக்கீயில் திணித்தேன் ஒரு முறை. பட்டியல் சின்னதாக இருந்தவரை ஓடியது. ஒரு நாள் அளவைத் தாண்டியதும் பிரவுசர் அந்தக் குக்கீயை ஏற்கவே இல்லை. அரைப்புள்ளி சொன்ன அதே மௌனம். இரண்டு நாள் என் ஜேசனைத்தான் சந்தேகப்பட்டேன்.

இன்னொன்று, குக்கீயின் பெயரில் புள்ளி வைக்காதீர்கள். பிஎச்பி அதைப் படிக்கும்போது புள்ளியை அடிக்கோடாக மாற்றிவிடும். உங்கள் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.


அடிக்கோடு எழுதியது:

பெயர் டேபிளிலிருந்துதான் வருகிறது, தப்பித்தேன்.

1 என்று மாற்றிப் பார்த்தேன். ஒன்றாம் எண் யார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய சம்பளச் சீட்டு வரை திறந்தது. கை நடுங்கிவிட்டது. உடனே ஜன்னலை மூடிவிட்டு டோக்கன் டேபிள் வேலையில் உட்கார்ந்தேன். மடிக்கணினியில் எல்லாம் ஓடியது. சர்வரில் ஏற்றினேன். ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை.

பிழைப் பதிவில் பார்த்தால், ஹெட்டர் தகவலை மாற்ற முடியாது, ஹெட்டர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எச்சரிக்கை. வெளியீடு தொடங்கிய இடம் என்று கான்ஃபிக் ஃபைலைக் காட்டுகிறது, முதல் வரி. அந்த முதல் வரியில் பிஎச்பியைத் திறக்கும் குறி தவிர ஒன்றுமே இல்லை. காலாவதி நாள் எண்ணிக்கையை மட்டும் வேறொரு கணினியில் பழைய நோட்பேடில் திறந்து மாற்றினேன், அவ்வளவுதான் செய்தது. இடைவெளி இருக்கிறதா என்று பத்து முறை பார்த்துவிட்டேன்.


அரைப்புள்ளி எழுதியது:

"பழைய நோட்பேடில் திறந்து" என்றதுமே தெரிந்துவிட்டது. யுடிஎஃப்-8 என்று சேமித்திருக்கிறது, கூடவே ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட்டைச் சேர்த்திருக்கிறது. எடிட்டரில் தெரியாது. பிஎச்பிக்கு அது திறக்கும் குறிக்கு முன்னால் இருக்கும் சாதாரண எழுத்து, அதனால் முதலில் அதை அனுப்பிவிடுகிறது. உடலில் ஒரு பைட் போனாலும் ஹெட்டர் நேரம் முடிந்தது, அதற்குப் பின் செட்குக்கீ ஒன்றும் செய்ய முடியாது. பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று சேமிக்கும் எடிட்டர் ஏதாவது ஒன்றில் திறந்து சேமியுங்கள். அப்படியே அந்த ஃபைலின் கடைசியில் இருக்கும் மூடும் குறியையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காலி வரிகளும் இதே வேலையைச் செய்யும். பிஎச்பி மட்டும் உள்ள ஃபைலுக்கு மூடும் குறி தேவையே இல்லை.

மடிக்கணினியில் ஓடியதற்குக் காரணம், அங்கே பிஎச்பியின் அமைப்பு ஃபைலான பிஎச்பி.ஐஎன்ஐ-யில் அவுட்புட்_பஃபரிங் 4096 என்று இருக்கும், பிஎச்பியோடு வரும் மாதிரி ஃபைல்களில் அப்படித்தான் உள்ளது. முதல் 4096 பைட்டைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வதால் பின்னால் வரும் ஹெட்டரும் முந்திப் போய்விடும். சர்வரில் அது இல்லை. சர்வரிலும் அதைப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சின்னப் பக்கத்தில் ஓடி, பெரிய பக்கத்தில் விழும்.


நோட்ஆள் எழுதியது:

பிஎச்பிக்காரர்கள் பேசும் இடத்தில் ஒரு நோட் ஆள் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ்). காலாவதி என்றதும் சொல்லத் தோன்றியது. செட்-குக்கீ ஹெட்டரில் மேக்ஸ்-ஏஜ் என்பது வினாடி. உங்கள் செட்குக்கீயில் நேரம் என்பது 1970-லிருந்து எண்ணும் வினாடி. எங்கள் நோட் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸில் மேக்ஸ்ஏஜ் என்பது மில்லிவினாடி. நான் பிஎச்பியிலிருந்து மாறி வந்த முதல் வாரம் ஒரு மணி நேரம் என்று நினைத்து 3600 கொடுத்தேன். எல்லோரும் 3.6 வினாடியில் வெளியே. சோதித்தவர், லாகின் ஆகவில்லை என்று புகார் எழுதினார். ஆகியிருந்தது, அவர் மெதுவாகப் பார்த்துவிட்டார்.


அடிக்கோடு எழுதியது:

பிஓஎம்தான். ஹெக்ஸில் திறந்து பார்த்தேன், மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எடுத்ததும் லாகின் ஓடியது.

நேற்று மாலை வாசல் கணினி பக்கத்திலேயே நின்றேன். 417 லாக்அவுட் செய்தார். டோக்கன் டேபிளில் அவர் வரி போனதைப் பார்த்தேன். 423 உள்ளே வந்தார், பதிவுப் பக்கத்தின் மேலே 423-ன் பெயரே வந்தது. 417 திரும்பிப் பார்த்து, "அப்போ என் ஓவர்டைம்?" என்றார்.

கடைசியாக ஒன்று. பெயரை மாற்றிவிட்டதால் பழைய "ஆள்" குக்கீயை யாரும் படிப்பதில்லை, தெரியும். ஆனாலும் மற்றக் கணினிகளில் அது கிடப்பது உறுத்துகிறது. சாய்கோடு இல்லாமல் /மெம்பர்ஸ், அப்புறம் "/", இரண்டு பாதையிலும் அதை அழிக்கும் வரிகளை லாகினில் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் கழித்து எடுத்துவிடலாம்?


அரைப்புள்ளி எழுதியது:

அந்தப் பழைய குக்கீக்குக் காலாவதி எவ்வளவு கொடுத்திருந்தீர்கள்? அங்கே எந்த பிரவுசர்?


அடிக்கோடு எழுதியது:

முன்னவர் பத்து வருடம் கொடுத்திருக்கிறார். நானும் அதை மாற்றவில்லை. எல்லாக் கணினியிலும் குரோம் மட்டும்தான், அதுவும் போன வருடம் புதிதாக வாங்கியவை.


அரைப்புள்ளி எழுதியது:

2022 ஆகஸ்டில் வந்த குரோம் 104-லிருந்து, நீங்கள் எத்தனை வருடம் கேட்டாலும் 400 நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. 400 நாள் கழித்து எடுத்துவிடுங்கள். அந்த வரிக்கு மேலே ஒரு கமென்ட்டில் தேதியை எழுதி வையுங்கள், அடுத்து வருபவர் ஏன் இது இருக்கிறது என்று கேட்டு இங்கே வர வேண்டாம்.